காபரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன்

தை மாதப் பனி தொடங்கினால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துக் கராஜ்களில் காலையில் ஒரே பேச்சுதான்: "அண்ணே, ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது. காபரேட்டரைக் கழுவித் தாங்க." பல வண்டிகளில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் அந்தக் காபரேட்டரில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அதற்குள் யாரோ அந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று திருகியிருப்பார்கள்.

தீப்பொறி தரும் பிளக் கறுப்பாக இருப்பதைப் பார்த்துத்தான் திருகுகிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறையும் அளவுக்கு ஜெட் என்ற சிறு ஓட்டை வழியாக வரும் பெற்றோல் குறைவதில்லை. எஞ்சின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் வெக்யூம் சிலைடு உள்ள காபரேட்டர் இதை ஓரளவு சரிக்கட்டும், முழுதாக அல்ல. ஆகவே பெற்றோல் கூடிப்போய், மலையில் ஓடும் வண்டியின் பிளக் கொஞ்சம் கறுத்திருப்பது இயல்பு. அதற்காக ஸ்க்ரூவைத் திருகிப் பெற்றோலைக் குறைத்தால், குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் வேண்டிய அந்தக் காலை நேரத்தில்தான் வண்டி இன்னும் மோசமாக அடம்பிடிக்கும். அதிக வேகத்துக்கான மெயின் ஜெட்டைச் சிறிதாக்கிவிட்டுக் கொழும்புக்கு இறங்கினால், சமதரையில் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் சூடேறும்.

முதலில் பெற்றோலைப் பாருங்கள். தோட்டப் பக்கம் பெற்றோல் ஷெட் தூரம் என்பதால் போத்தலில் வாங்கி ஊற்றுகிறோம். டேங்க் எப்போதும் பாதிக்குக் கீழேதான். வெறுமையாக இருக்கும் இடத்தில் ஈரக்காற்று நின்று, இரவுக் குளிரில் தண்ணீராகிக் கீழே இறங்குகிறது. காபரேட்டரின் அடியில் ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ உண்டு. எஞ்சின் ஆறியபின் அதைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழ் குமிழாகத் தனியே நிற்கும். அப்படியென்றால் டேங்கையும் வடித்துச் சுத்தம் செய்யாமல் காபரேட்டரை மட்டும் கழுவிப் பயனில்லை.

அடுத்தது பெற்றோலைத் திறந்து மூடும் வெக்யூம் பெற்றோல் கொக். திருகிப் பூட்டும் கொக் இல்லாத ஸ்கூட்டர்களில், எஞ்சின் உறிஞ்சும்போதுதான் இது திறக்கும். உள்ளே இருக்கும் டயப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடு கிழிந்தால், வெக்யூம் குழாய் வழியாகவே பெற்றோல் எஞ்சினுக்குள் போய்விடும். கறுப்புப் புகை, பெற்றோலை அதிகம் குடிப்பது, சூடான வண்டியை நிறுத்தித் திரும்ப எடுக்க முடியாமை எல்லாம் அப்போது வரும். பழி காபரேட்டருக்குப் போகும். அந்தச் சின்ன வெக்யூம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அது உலர்ந்திருக்க வேண்டும். பெற்றோல் ஈரம் இருந்தால் கொக்கைத்தான் மாற்ற வேண்டும். கூடவே ஒயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெற்றோல் வாடை அடித்தால் ஒயில் நீர்த்துவிட்டது. கோளாறைச் சரிசெய்து ஒயிலை மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம்.

எயார் பில்டரைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அடைத்திருந்தால் மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் காபரேட்டரைத் திறக்கலாம். மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே இறுக்கி எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் கழற்ற வேண்டும். ஜெட் ஓட்டையில் கம்பி விடக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும். காபரேட்டரில் உள்ள டயப்ரத்தைக் க்ளீனரில் ஊற வைத்தால் ரப்பர் ஊதிப்போகும். றம்பொடைப் பக்கம் இறங்கும்போது த்ரொட்டில் மூடியதும் சைலன்சர் பட்பட்டென்று வெடித்தால், குறைந்த வேகத்துக்கான ஸ்லோ ஜெட்டில் அடைப்பையும், காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் வெடிப்பையும் தேடுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் ஸ்கூட்டர் இரவில் முன் திண்ணையான இஸ்தோப்பில் நிற்கிறது, சில வீடுகளில் உள்ளேயே நிற்கிறது. குளிர் என்று கதவைச் சாத்திக்கொண்டு, காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இழுத்து எஞ்சினைச் சூடாக்குகிறார்கள். சோக் போட்ட எஞ்சின் கார்பன் மொனொக்சைட்டை அதிகமாகக் கக்கும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை, தூங்கும் பிள்ளைக்குத் தெரியாது. வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பெற்றோல் வடிப்பதும் வெளியிலேதான். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து குசினி அடுப்பு வரை போய்த் தீயை இழுத்துவரும். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள், ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே ஆபத்து. சோடாப் போத்தலில் பெற்றோல் வைத்து, பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.