சொல் விளக்கம்: இன்சென்டிவ் - ஊக்குவிப்பு

'இன்சென்டிவ்' லத்தீன் வழி வந்த சொல். வேர் 'கானெரே', அதாவது பாடுதல். ஒருவர் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர்வது அதன் பழைய பொருள். தமிழில் 'ஊக்குதல்' சங்கப் பாடலில் ஊஞ்சலை ஆட்டிவிடுவதைக் குறிக்கிறது. திருக்குறளின் 60-ஆம் அதிகாரம் சொல்லும் ஊக்கமோ உள்ளத்திலேயே இருப்பது. வெளியிலிருந்து தள்ளிவிடும் ஏற்பாட்டுக்கு 'ஊக்குவிப்பு' பொருந்தும். அதில் கொடுக்கும் பணம் மட்டுமே 'ஊக்கத்தொகை'.

இதை மானியத்தோடு குழப்பக் கூடாது. மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்தது மானியம். கரன்ட் ஒழுங்காக வந்தாலும் வராவிட்டாலும் அது மாறாது. ஊக்கத்தொகை எதை அளக்கிறோமோ அதைப் பொறுத்தது. 2002-03-இல் தொடங்கிய மத்திய அரசின் மின் சீர்திருத்தத் திட்டத்தில், மின்வாரியம் குறைத்த ரொக்க நட்டத்தில் பாதி ஊக்கத்தொகையாக வைக்கப்பட்டது. கரன்ட் நின்ற நேரம் அந்தக் கணக்கில் இல்லை.

அந்த நேரத்துக்கு 'சைடி' என்று ஓர் அளவு உண்டு. 'சராசரி மின்தடை நேரம்' எனலாம். கோத்தகிரிப் பக்கம் 1,000 இணைப்புள்ள 11 கே.வி. ஃபீடர், அதாவது துணைமின்நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் லைன், ஒன்றை எடுத்துக்கொள்வோம். சில்வர் ஓக் கிளை விழுந்து 400 இணைப்புக்கு 3 மணி நேரம் கரன்ட் இல்லை. 400 × 180 ÷ 1,000 = 72 நிமிடம். 'சைஃபி', அதாவது ஓர் இணைப்புக்குச் சராசரியாகக் கரன்ட் நின்ற தடவை, 400 ÷ 1,000 = 0.4. டீ ஃபேக்டரியில் அரைத்த இலை அளவுக்கு மீறிப் புளிக்க அந்த 3 மணி நேரம் தாராளம்.

தடவையை மட்டும் எண்ணிப் பணம் கொடுத்தால், ஒருமுறை போன லைனை அவசரமாகச் சரிசெய்ய யாருக்கும் காரணமில்லை. துணைமின்நிலையப் பதிவேட்டை மட்டும் பார்த்தாலும் தவறுதான். அங்கே ஃபீடர் பிரேக்கர், அதாவது கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், விழுந்தது தெரியும். ஹட்டியின் (படுகர் ஊரின்) டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனது தெரியாது. அதனால் டிரான்ஸ்பார்மருக்கு டிரான்ஸ்பார்மர் மீட்டர் வேண்டும்.

பெரும்புயல் நாள்களைக் கணக்கிலிருந்து விலக்குவது பல நாடுகளின் வழக்கம். நீலகிரிக்கு அதை அப்படியே எடுத்துவந்தால், கூடலூரில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடிப்பதற்கு முன்பே, மே மாதத்தில், லைனோரத்துக் கற்பூர மரக் கிளைகளை வெட்டிய மின்வாரியப் பிரிவுக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. அந்த வேலையின் பலன் தெரிவது விலக்கிய நாள்களில்தான்.

மறுபக்கம் 'இழப்பீடு'. 2003 மின்சாரச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, சேவைத் தரம் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு அதைத் தரச் சொல்கிறது. அபராதம் வேறு, இழப்பீடு நுகர்வோருக்கே போய்ச்சேர வேண்டும்.