மாடித்தோட்டத் தளை, விதைத்தளை: யாருக்கு எது, வாங்கிய பின் என்ன செய்வது

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டப் பொருட்கள் கொடுப்பது 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2021 டிசம்பரில் அது 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்' என விரிந்தது. அப்போது 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளை (பை, விதை முதலிய பொருட்கள் அடங்கிய தொகுப்பு) நகர்ப்புறத்தாருக்கு 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஊரகத்தில் 60 ரூபாய் மதிப்புள்ள 12 வகைக் காய்கறி விதைத்தளை 15 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒருவர் அதிகபட்சம் இரண்டு தளைகள் வாங்கலாம் என்று இருந்தது. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தின் கீழ் காய்கறி விதைத் தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சை அடங்கிய பழச்செடித் தொகுப்பும் முழு மானியத்தில் அறிவிக்கப்பட்டன.

விலையும் மானிய விகிதமும் நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறும். பழைய செய்தித் துணுக்கை நம்பிப் போகாமல் விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் விலையைப் பாருங்கள். தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலோ உழவன் செயலியிலோ பதியலாம். இல்லையென்றால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஆதார் அட்டையுடன் நேரில் போகலாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இலக்கு எண்ணிக்கை உண்டு, அது தீர்ந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். அறிவிப்பு வந்த வாரமே பதிந்துவிடுவது நல்லது.

2021இல் கொடுத்த மாடித்தோட்டத் தளையில் செடி வளர்ப்புப் பை 6, இரண்டு கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி 6, ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களும் வேர் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடியும் தலா 200 கிராம், வேப்ப எண்ணெய் 100 மில்லி, ஒரு கையேடு இருந்தன. வாங்கும் இடத்திலேயே விதைப் பொட்டலத்தின் அட்டையைப் படியுங்கள். பரிசோதனைத் தேதியிலிருந்து ஒன்பது மாதம் வரைதான் முதல் செல்லுபடிக் காலம். முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 விழுக்காடு, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 இருக்க வேண்டும். காலாவதியான பொட்டலம் என்றால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். இந்த மூன்று பொட்டலங்களுக்கும் தேதி உண்டு. வெயிலில் கிடந்தவை பயன்படாது, ஏனென்றால் உள்ளே இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள்.

இந்தத் தளையில் இல்லாத ஒன்றுதான் பலரின் தோட்டத்தைக் கெடுக்கிறது: தொழு உரம். நார்க்கழிவை மட்டும் பையில் நிரப்பி விதை போட்டால் செடி முளைக்கும், நான்கு இலை விடும், பிறகு வெளிறி நின்றுவிடும். மட்காத நார்க்கழிவில் கார்பன், நைட்ரஜன் விகிதம் 112:1 அளவில் இருக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் சுற்றியுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் செடிக்கு மிஞ்சுவதில்லை. தண்ணீரைப் பிடித்துவைப்பது நார்க்கழிவின் வேலை, சோறு போடுவது தொழு உரத்தின் வேலை. விண்ணப்பம் போட்ட அன்றே உரத்துக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கட்டியை அகலமான தொட்டியில் போட்டு, சுமார் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். உதிர்த்து, பிழிந்து, மீண்டும் தண்ணீர் விட்டு அலசுங்கள். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும்; அது வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். நார்க்கழிவில் இருக்கும் உப்பு இப்படித்தான் போகும். அலசாமல் விட்டால் இலை நுனி கருகும். ஒரு பிடி எடுத்து அழுத்தும்போது இரண்டு மூன்று சொட்டு விழுந்தால் ஈரம் சரி, ஒழுகினால் இன்னும் வடிய வேண்டும்.

கலவைக்கு நார்க்கழிவு இரண்டு கூடை, மண்புழு உரம் அல்லது நன்கு மட்கிய தொழு உரம் ஒரு கூடை, செம்மண் ஒரு கூடை. பைக்கு நூறு கிராம் வேப்பம் பிண்ணாக்கு. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா மூன்றையும் பத்து கிலோ தொழு உரத்தில் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி ஒரு வாரம் வைத்திருந்து பைகளுக்குப் பிரித்துப் போடுங்கள். டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை; அதைப் போட்ட பையில் பூஞ்சாணக்கொல்லி ஊற்றினால் இரண்டும் வீண். பையின் மேல்புறம் இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள். அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து, செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தரையோடு வைத்தால் துளை அடைபடும், வேர் அழுகும், தளத்திலும் ஈரம் இறங்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்று விட்டுத்தான் நட வேண்டும். தக்காளியும் கத்தரியும் 25 முதல் 30 நாளிலும், மிளகாய் 35 நாளுக்கு மேலும் நடவுக்கு வரும். வெண்டை, கொத்தவரை, கீரையை நேரடியாக விதைக்கலாம். ஒரு பைக்குத் தக்காளி ஒன்று, வெண்டை இரண்டு போதும். நெருக்கினால் இலைதான் மிஞ்சும். ஆறு பையில் நாலு பேர் வீட்டுக்கு முழுக் காய்கறி வராது. அதனால் இரண்டு பையைக் கீரைக்கு ஒதுக்கச் சொல்வோம். சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் 25 நாள் வாக்கில் பறிக்கலாம். இரண்டு பைக்கும் பத்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால் கீரை தொடர்ந்து வரும். தளை கோடை நடுவில் கைக்கு வந்தால் அவசரப்பட வேண்டாம், விதையை ஈரம் படாமல் எடுத்துவைத்து ஆடிப்பட்டத்தில் போடலாம்.

நார்க்கழிவின் மேற்புறம் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மாவுப்பூச்சி, வெள்ளை ஈ வந்தால் கையேட்டைத் தேடும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள், அவை குடியிருப்பது அடிப்பக்கம். ஐந்து மில்லி வேப்ப எண்ணெயில் ஒரு மில்லி சோப்புக் கரைசலை முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். நேரே தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதக்கும், தெளிக்கும்போது சில இலையில் வெறும் தண்ணீரும் சில இலையில் வெறும் எண்ணெயும் விழுந்து கருகும். மாலையில் தெளியுங்கள், வெயில் பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும். இந்த அளவில் 100 மில்லி புட்டி 20 லிட்டர் தெளிப்புக்கு வரும்.

கொல்லை உள்ளவர்கள் பழச்செடித் தொகுப்பு வாங்கினால் இடத்தை முதலில் அளந்துவிடுங்கள். பப்பாளிக்கு ஆறு அடி இடைவெளியும் ஒன்றரை அடிக் குழியும் போதும், ஆனால் தண்ணீர் தேங்கினால் செடி தாங்காது, மேட்டில்தான் வைக்க வேண்டும். எலுமிச்சைக்குப் பதினைந்து அடிக்கு மேல் இடம் தேவை. நாற்று கைக்கு வரும் முன்பே குழி எடுத்து ஆறவிட்டுத் தொழு உரம் போட்டு வைத்தால், கொண்டுவந்த அன்று மாலையே நட்டுவிடலாம்.