இறால் தின்பதை நாமும் தின்றால் என்ன?

இந்தக் கோடையில் இது மூன்றாவது ஆள். தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணையில் வேலை பார்க்கும் 34 வயதுத் தம்பி, ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி நொண்டிக்கொண்டே வந்தார். பெருவிரல் மூட்டு முண்டு மிளகாய்போலச் சிவந்து உருண்டிருந்தது. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 9.4 மில்லிகிராம். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, சாப்பாட்டை விசாரிக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

குடியா? இல்லை. தினமும் கருவாடா? அதுவும் இல்லை. துருவிக் கேட்டதில் வெளியே வந்தது: பண்ணைத் தீவனத்தில் கலக்க வரும் ஈஸ்ட் புரதத் தூள். "ஜிம்முல விக்கிற டப்பா ஆனை விலை டாக்டரம்மா. இது மூட்டையே சல்லிசு." (நான் டாக்டர் இல்லை, உணவியல் ஆலோசகர். சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.) காலையில் 30 கிராம், மாலையில் 30 கிராம், மூன்று மாதமாக.

அடுத்து வந்த கேள்விதான் எனக்கு எரிச்சல். மூன்று பேரும் அதையே கேட்டார்கள்: "இறால் அதைத் தின்னுது, இறாலை நாம திங்கிறோம். நேரா நாமளே தின்னா என்ன?"

இறால் தன் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே விட்டுவிடும். மீனுக்கும் மாட்டுக்கும் யூரிக் அமிலத்தை மேலும் உடைக்க யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. நமக்கு அது கிடையாது. நாம் தின்னும் நியூக்ளிக் அமிலத்தில் (செல்களில் இருக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருள்) உள்ள பியூரின் என்ற பொருள் யூரிக் அமிலமாகி, அத்தோடு நின்றுவிடும். சிறுநீரகம் தள்ளியது போக மிச்சம் ரத்தத்தில் சேரும். டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் உப்பாகப் படியத் தொடங்கும், பெருவிரல் மூட்டில்தான் முதலில் வேலையைக் காட்டும். ஆக, இறாலுக்கு ஒத்துக்கொண்டது என்பது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதற்குச் சாட்சி ஆகாது. பசு வைக்கோல் தின்கிறது, பாலை நாம் குடிக்கிறோம். வைக்கோலையா மெல்கிறோம்?

புரதத்தின் மேல் பழி போடவும் வேண்டாம். முட்டையிலும் பாலிலும் நல்ல புரதம் உண்டு, பியூரின் மிகக் குறைவு. ஈஸ்ட், பாக்டீரியா எல்லாம் மளமளவென்று பெருகும் உயிர்கள். அந்த வேகத்துக்கு ஆர்.என்.ஏ. நிறைய வேண்டும். ஈஸ்ட் தூளின் எடையில் 6 முதல் 12 சதவீதம் வரை நியூக்ளிக் அமிலம், பாக்டீரியாவில் இன்னும் கூடலாம். பெரியவர் ஒருவருக்கு இப்படிப்பட்ட புரதத்திலிருந்து நாளுக்கு 2 கிராம் நியூக்ளிக் அமிலம் என்பது ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு பரிந்துரைத்த உச்சவரம்பு. 10 சதவீதம் என்று வைத்தால், நம் தம்பி குடித்தது 6 கிராம்!

மனிதர் சாப்பிடத் தயாரிப்பவர்கள் இதைக் குறைத்துத்தான் விற்க வேண்டும். 1985-இல் இங்கிலாந்தில் கடைக்கு வந்த குவார்ன் ஒரு பூஞ்சைப் புரதம். அதை 64 டிகிரிக்கு மேல் அரை மணி நேரம்போல வைத்தால், செல்லுக்குள் இருக்கும் நொதியே ஆர்.என்.ஏ.வை நறுக்கி வெளியே விடும். அந்த நீரைப் பிரித்துவிட்டால் ஆர்.என்.ஏ. 10 சதவீதத்திலிருந்து 2-க்குக் கீழே வந்துவிடும். கூடவே எடையில் மூன்றில் ஒரு பங்குபோலக் கரைந்து போகும். தீவனத் தூளில் இந்தச் செலவை யார் செய்யப் போகிறார்கள்? சல்லிசாக இருப்பது சும்மாவா?

வீட்டில் கொதிக்க வைத்தால் போதாதா என்கிறார்கள். கொதித்த நீரையும் சேர்த்துக் குடித்தால் அந்த ஆர்.என்.ஏ. எங்கே போகும்?

தீவனம் என்று அச்சிட்ட மூட்டை எதுவும் அடுப்படிக்கு வரக் கூடாது. மனிதர் உணவுக்கென விற்கும் ஈஸ்ட் புரதமானாலும் நியூக்ளிக் அமில அளவைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். குடும்பத்தில் கவுட் (யூரிக் அமிலம் படிந்து வரும் இந்த மூட்டு வீக்கம்), சிறுநீரகக் கல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வீக்கம் இருக்கும்வரை சாளை, நெத்திலி இரண்டையும் ஒதுக்குங்கள், அவற்றிலும் பியூரின் அதிகம். வெயிலில் பண்ணையிலும் வள்ளத்திலும் நிற்கிறவர்களே, தண்ணீர் குடியுங்கள், தயவுசெய்து.

சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை பற்றிக் கேட்பவர்களுக்கு: அதில் நியூக்ளிக் அமிலம் 4, 5 சதவீதம்தான். ஒரு ஸ்பூனுக்குப் பயம் வேண்டாம், டப்பாவையே கவிழ்க்காத வரை. மண்டபம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி வேறு. அது அகர் என்ற, ஜெல்லிபோல உறையும் பொருளை எடுக்க. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

தம்பிக்குப் பத்து நாளில் வீக்கம் வடிந்தது. மிச்ச மூட்டையைக் கடலில் கொட்டிவிடட்டுமா என்று கேட்டார். இறாலுக்கே போடச் சொன்னேன்.