குடம் பெரிதுதான், வாய் எவ்வளவு? சோலாருக்கு லித்தியம் பேட்டரி

கரண்ட் லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து இயங்கும் வீட்டு ஹைப்ரிட் சோலாருக்கு லித்தியம் பேட்டரி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை யூனிட்?" என்றுதான். அது குடத்தின் கொள்ளளவு. குடத்தின் வாய் எவ்வளவு அகலம், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு கரண்ட் எடுக்கலாம் என்பதையும் கேட்க வேண்டும்.

51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 3.2 வோல்ட் செல்கள் 16 தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். 51.2 வோல்ட்டை 100 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 5,120 வாட்-மணி, அதாவது 5.12 யூனிட். சரி, இனி பேட்டரியின் விவரத்தாளான டேட்டாஷீட்டில், தொடர்ந்து எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்ற வரியைத் தேடுங்கள். 0.5சி, அதாவது கொள்ளளவு எண்ணில் பாதியான 50 ஆம்பியர் என்று இருந்தால், அது தருவது ஏறக்குறைய 2,560 வாட்தான். இன்வெர்ட்டர் 5 கிலோவாட் என்றாலும், கரண்ட் போன இரவில் அதில் பாதிதான் கைக்கு வரும். தண்ணீர் மோட்டாரோ கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல் பல மடங்கு இழுக்கும். அது வரம்பைத் தாண்டினால், பேட்டரிக்குள் காவல் இருக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். 90 சதவீத சார்ஜ் உள்ளேயே இருக்க, வீடு இருட்டில் கிடக்கும்.

5 கிலோவாட்டை முழுதாக எடுக்க, இழப்பையும் சேர்த்தால், 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைத் தனியாகத் தரும் பேட்டரி வாங்கலாம். அல்லது ஒரே மாடலில் இரண்டு மூன்றை இணையாகப் போடலாம். இணைக்கும் முன் எல்லாவற்றின் வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குக் கரண்ட் பாயும்.

உள்ளே இருக்கும் ரசாயனம்? வீட்டுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் போதும் என்பது என் கட்சி. பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு 1997-ல் வெளியிட்ட பொருள் இது. பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால், சூடேறினாலும் அது எளிதில் விடுபட்டுத் தீயை வளர்க்காது. நிக்கல் கலந்த லித்தியம் வகை எடை குறைவு. ஆனால் சுவரில் தொங்கும் பெட்டி ஓடப் போவதில்லையே!

இந்த ரசாயனத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சார்ஜ் 80-லிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கினாலும் செல்லின் வோல்டேஜ் பெரிதாக அசையாது. கடைசியில்தான் சரசரவென்று விழும். லெட் ஆசிட் காலத்துப் பழக்கத்தில் வோல்டேஜை வைத்து மிச்சத்தை ஊகிக்கும் இன்வெர்ட்டர் இங்கே ஏமாந்துபோகும். திரையில் பாதி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி நின்றுவிடலாம். பிஎம்எஸ் உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணிக் கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கிலும் பிழை சேரும். அவ்வப்போது முழுதாக சார்ஜ் ஏற்றினால் நேராகும். செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு தெரிவதும் பெரும்பாலும் அந்த உச்சியில்தான்.

டேட்டாஷீட்டில் '6,000 சுழற்சி' (சார்ஜ் ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி) என்றிருந்தால், எந்த வெப்பநிலையில், ஒவ்வொரு முறையும் எத்தனை சதவீதம் இறக்கி, கடைசியில் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும்வரை என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

அப்புறம், பிஎம்எஸ்ஸும் இன்வெர்ட்டரும் பேசிக்கொள்ள வேண்டும். கேன் அல்லது ஆர்எஸ்485 எனப்படும் தகவல் கேபிள் வழியாக, "இவ்வளவு ஆம்பியர் ஏற்று, போதும், நிறுத்து" என்று பேட்டரி சொல்லும். வாங்கும் முன் இன்வெர்ட்டரின் பொருந்தும் பேட்டரிப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கெட் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கையில் கிடைத்த இன்டர்நெட் கேபிளைச் சொருகினால் பேச்சு நடக்காமல் போகலாம். உள்ளே எந்தப் பின்னில் எந்த வயர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.