கூடை பின்னினால் நோய் போய்விடுமா?

மனநல வார்டில் இருப்பவரைப் பார்க்க வரும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. போகாது. காதில் குரல் கேட்பதற்கும் காரணமில்லாத சந்தேகத்துக்கும் மாத்திரைதான் வேண்டும். ஆனால் மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) மாத்திரை அவ்வளவாக எட்டாத ஒரு பக்கம் உண்டு. எதிலும் நாட்டமில்லாமல், குளிக்கக்கூடத் தோன்றாமல், நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். கைவேலை, அன்றாட வேலைகள் வழியாகத் தேற்றும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியில் நாங்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இதனோடுதான்.

வயர் கூடையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவரிடம் எடுத்தவுடன் சிவன் கண் பின்னலைக் கொடுக்கமாட்டோம். வயரை ஒரே அளவில் வெட்டி வைத்தால் போதும். பத்து நிமிடம் உட்கார்ந்தாலே முதல் நாளுக்கு அது பெரிது. அப்புறம் சாதா முடிச்சு. அடிப்பாகம் முடிந்து பக்கங்கள் ஏறும்போது எங்கேயாவது ஒரு முடிச்சு தவறும். அதை அவரே கண்டுபிடித்துப் பிரிக்கிறாரா, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறாரா, தூக்கிப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறாரா? நாங்கள் குறித்துக்கொள்வது அதைத்தான். கை நடுங்கினாலோ கண் சொக்கினாலோ மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லிவிடுவோம். கூடை கோணலாக வந்தால் வரட்டும். (கத்தரிக்கோலை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவோம்.)

நாற்பது வயதுக் கொத்தனார் கையில் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தைத் திணிப்பது எனக்குப் பிடிக்காது. அவருக்கு மரமோ மண்ணோ கொடுத்துப் பார்க்கலாமே.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தார். நோயாளிகள் வேலை பழகும் இன்டஸ்ட்ரியல் தெரபி மையம் அங்கே அவர் காலத்தில் வந்தது. ஆனால் வேலை என்று வந்தாலே இன்னொரு கேள்வியும் வரும். பழைய மனநலக் காப்பகங்கள் பலவற்றில் நோயாளிகள் கூலியில்லா ஆட்களாக உழைத்திருக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20வது பிரிவு, யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்கிறது. அதனால் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று நோயாளி சொன்னால், சரி, வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனதும் ‘நீ ஒண்ணும் செய்யாதே, ரெஸ்ட் எடு’ என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். பாசம்தான், ஆனால் வார்டில் மெல்ல மெல்லப் பழகியது அதில் போய்விடும். கிளம்பும் முன் எங்களிடம் வந்து அவர் இப்போது எந்த வேலை வரை தானாகச் செய்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அங்கிருந்தே தொடங்கலாம்.