ஜாக்கி ஜோடி ஏன் அடி வாங்குகிறது?

பெங்களூரு கிளப்களின் ஞாயிறு போக்கர் டோர்னமென்டில் இடைவேளை விட்டால் போதும், கையில் இரண்டு ஜாக்கி வந்தும் தோற்றவர்களின் ஜாக்கி ஜோடிப் புலம்பல் தொடங்கிவிடும். “நல்ல கைதான் சார், ஆனா எப்பவும் அடி வாங்குது.” கையில் கோளாறில்லை. எத்தனை பேரை உள்ளே விட்டோம் என்பதில்தான் கோளாறு.

எந்தச் சீட்டையும் வைத்திருக்கக்கூடிய ஒரே எதிராளி என்றால், ஜாக்கி ஜோடி 100க்கு 77 தடவை ஜெயிக்கும். எதிரே நாலு பேர் என்றால் 40 தடவைதான். ஃப்ளாப்பில், அதாவது மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில், ராணி, ராஜா, ஏஸ் ஏதாவது ஒன்று விழும் வாய்ப்பு 57 சதவீதம்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கருக்கு 2025 மத்திய சட்டம் தடை போட்டுவிட்டது. ஆனால் அங்கே பழகிய கைக்கு இரண்டேகால் பிளைண்ட் ரைஸ் (கட்டாய முன்பந்தயமான பெரிய பிளைண்டைப் போல இரண்டேகால் மடங்காகப் பந்தயத்தை உயர்த்துவது) இன்னும் மறக்கவில்லை. கிளப் மேசையில் அது எடுபடாது. சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்து உட்கார்ந்தவர் சும்மா சீட்டை மடக்குவாரா?

சின்ன பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1000, மேசைக்கு மொத்தமாக ஆன்டி என்னும் கூடுதல் கட்டாயத் தொகை 1000 என்று வையுங்கள். நாலு பேர் லிம்ப் செய்கிறார்கள், அதாவது உயர்த்தாமல் 1000 மட்டும் வைத்து உள்ளே வருகிறார்கள்; நடுவில் சேர்ந்த தொகை, அதாவது பாட், 6500. ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் பட்டன் இடத்தில் நீங்கள், கையில் ஜாக்கி ஜோடி, முன்னால் 40,000 சிப். 3000க்கு ரைஸ் செய்தால் முதல் லிம்பருக்கு இன்னும் 2000தான் செலவு. 17 சதவீத வாய்ப்பிருந்தாலே கட்டுபடியாகும்; அவர் வந்தால் பின்னாலேயே மற்றவர்களும் வருவார்கள். மூன்று பிளைண்ட், அதோடு லிம்பர் ஒருவருக்கு ஒன்று என்று கூட்டி 7000 வையுங்கள். இப்போது அவருக்கு 31 சதவீதம் தேவை. பெரும்பாலும் ஒருவர்தான் மிஞ்சுவார்.

ஒருவர் மட்டும் கால் செய்கிறார் (அதே தொகையை வைக்கிறார்), பாட் 19,500. ஃப்ளாப்பில் 9, 8 இரண்டும் ஆட்டின், கூடவே கிளாவர் 4. இங்கேதான் பலர் “பார்ப்போமே” என்று 5000 வைக்கிறார்கள். கையில் இரண்டு ஆட்டினோடு ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் ஆட்டின் டிராவுக்கு அடுத்த சீட்டிலேயே அடிக்கும் வாய்ப்பு 19 சதவீதம். 5000 வைத்து நீங்கள் அவரிடம் கேட்பதோ 17. அவரை நீங்களே விருந்துக்கு அழைத்த மாதிரி. 12,000 வைத்தால் அவருக்கு 28 தேவை. கால் செய்தால் தப்பு அவருடையது. டர்ன் என்னும் நாலாவது பொதுச் சீட்டு சாதுவாக வந்தால் மிச்சம் 21,000ஐயும் தள்ளிவிடுங்கள். அப்போதும் அவருக்குக் கட்டுபடியாகாது.

டர்னில் மூன்றாவது ஆட்டின் விழுந்தால் கையை ஒரு தடவை பாருங்கள். இரண்டு ஜாக்கியில் ஒன்று ஆட்டினா? ஆம் என்றால் கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் இன்னொரு ஆட்டின் உங்களையும் காப்பாற்றலாம். செக் செய்து, அதாவது பந்தயம் வைக்காமல், சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். இல்லையென்றாலும் செக்தான், ஆனால் ரிவரில் அவர் பெரிதாக வைத்தால் மடக்குவதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஃப்ளாப்பிலேயே ராஜா விழுந்தால், எதிரே ஒருவர் என்கிறபோது பாட் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள். கால் வந்தால் அதோடு நிறுத்துங்கள். எதிரே மூன்று பேர் என்றால் அதுவும் வேண்டாம்.

உங்கள் சிப் 15 பிளைண்டுக்குள் சுருங்கிவிட்டால் இந்த யோசனை எதுவும் தேவையில்லை. முன்னால் ரைஸ் வந்தாலும் ஆல்-இன், மொத்த சிப்பும் உள்ளே. 100 பிளைண்ட் ஆழத்தில் கதை வேறு. ஒருவர் உயர்த்தியதை நீங்கள் மறுபடி உயர்த்தி (த்ரீ-பெட்), நல்ல சீட்டுக்கு மட்டுமே ஆடும் இறுக்கமான ஆள் அதையும் உயர்த்தினால் (ஃபோர்-பெட்) அவர் கையில் பெரும்பாலும் ராணி, ராஜா, ஏஸ் ஜோடி அல்லது ஏஸ்-ராஜா. பெரிய ஜோடிகளிடம் நமக்கு 19 சதவீதம்தான்.

பரிசு வட்டத்துக்குச் சற்று முந்தைய கட்டமான பபிளில் கணக்கே மாறுகிறது. 18 பேருக்குப் பரிசு, 19 பேர் மிச்சம், அவர்களில் இருவரிடம் 3 பிளைண்ட்தான். சிப் அதிகம் வைத்திருப்பவர் சின்ன பிளைண்டிலிருந்து, பெரிய பிளைண்டில் இருக்கும் உங்கள் 25 பிளைண்டுக்கும் சேர்த்துத் தள்ளுகிறார். சிப் கணக்கில் 48 சதவீதம் போதும். பரிசுக் கணக்கில் அது 60ஐயும் தாண்டலாம். ஏஸ்-ராஜாவிடம் ஜாக்கி ஜோடிக்குக் கிடைப்பது சுமார் 56தான். அவர் கண்டதை வைத்துத் தள்ளுகிற ஆளாக இருந்தால் கால். ஒரு மணி நேரமாகச் சீட்டே ஆடாதவர் என்றால் மடக்குங்கள், மனசு வலிக்கும்.

தோற்றபின் மறுபடி பணம் கட்டி நுழையும் ரீபை பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கி ஜோடி உடைந்த சூட்டில் எடுக்கிற ரீபையைச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். பரிசு கிடைத்தால் வருமான வரி 30 சதவீதம், அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரி தனி. தோற்ற கட்டணத்தை அதில் கழிக்கச் சட்டம் விடாது.