250060 ரூபாய்க் கொலுசு

சில மாதங்களுக்கு முன், இணையதளங்கள் செய்யும் எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு ஒரு தம்பி வந்தான். ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பையிலிருந்து லாங் சைஸ் நோட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். இணையப் பக்கத்தின் கட்டமைப்புக்கான எச்டிஎம்எல் டேகுகள், தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் வரிகள், இயக்கத்துக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் எல்லாம் நீல மையில், முத்து முத்தான கையெழுத்தில். "எல்லாம் மனப்பாடம் சார், எந்தப் பக்கம் வேணும்னாலும் கேளுங்க" என்றான்.

நான் பக்கம் எதையும் கேட்கவில்லை. எங்களுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகள் சில வாடிக்கையாளர்கள். அங்கிருந்தே ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்தேன். பெட்டியில் கொலுசின் விலையைத் தட்டினால், கூரியர் 60 ரூபாய் சேர்த்து மொத்தம் காட்டவேண்டும். நோட்டைத் திறக்காமலே பத்து நிமிடத்தில் எழுதி முடித்தான். 2500 என்று தட்டினோம். திரையில் 250060 வந்தது.

முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினான். மறுபடியும் 250060. நோட்டைப் பார்க்கச் சொன்னேன். "நம்பர்னு ஒரு வார்த்தையை விட்டுட்டேன் சார். ஞாபகம் வரலை" என்றபோது அவன் கண் கலங்கிவிட்டது.

அவன் ஞாபகத்தில் எந்தக் குறையும் இல்லை. எழுத்தை எண்ணாக மாற்றும் அந்த வார்த்தை ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெட்டியில் எதைத் தட்டினாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்தாகத்தான் வந்து சேரும். எண் மட்டும் ஏற்கும் பெட்டியாக இருந்தாலும் அப்படித்தான். எழுத்தோடு எதைக் கூட்டினாலும் அது பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கழித்தால் சரியான விடை வந்துவிடும். அதனால், தள்ளுபடிக் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. இந்த ஒரு விஷயம் புரிந்திருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் நெட்டுருப் போட வேண்டியதில்லை.

பதினாலு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். "கோடிங் ஞாபகம் நிக்க மாட்டேங்குது, எனக்கு இது வராது" என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அவர்களில் பலர் நன்றாக யோசிக்கத் தெரிந்தவர்கள். தேர்வுக்குப் படித்த மாதிரியே இதையும் படித்ததுதான் வினையானது. 1991-இல், வேர்ல்டு வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ எச்டிஎம்எல்லை விவரித்தபோது அதில் 18 டேகுகள்தான். இன்று நூற்றுக்கும் மேல். சிஎஸ்எஸ் பண்புகள் பல நூறு. நான் தினமும் தொடுவது இதில் இருபது இருபத்தைந்து டேகுகள். அவை கைப்பழக்கத்தில் தானாக நின்றுவிட்டன. மற்றதற்கு எம்டிஎன் என்ற இணையக் கையேடு எப்போதும் திறந்தே இருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பக்கத்தைப் பத்தி பிரிக்க ஃபுளோட் என்ற பழைய சிஎஸ்எஸ் வித்தைகளைக் கரைத்துக் குடித்திருந்தேன். அதற்கென்றே ஃபிளெக்ஸ்பாக்ஸும் கிரிடும் வந்தபிறகு அவற்றுக்கு வேலையே இல்லாமல் போனது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். வார்த்தைக்குப் பொருள் தெரியாதபோது அது வெறும் ஒலிதான்; ஒலியை மனப்பாடம்தான் செய்யமுடியும். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஜாவாஸ்கிரிப்டின் ஸ்லைஸ், ஸ்பிளைஸ் கட்டளைகள் இரண்டும் குழம்பிக்கொண்டே இருந்தன. அவள் அம்மா நூல் மில்லில் வேலை பார்ப்பவர். "மில்லுல ஸ்பிளைசர்னு ஒண்ணு இருக்குமே, அது என்ன பண்ணும்?" என்று கேட்டேன். "நூல்ல கெட்ட இடத்தை வெட்டி எடுத்ததும், ரெண்டு முனையையும் சேர்த்துவிடும்ணா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஜாவாஸ்கிரிப்டிலும் அதேதான். ஸ்பிளைஸ், பட்டியலிலேயே கைவைத்து வெட்டிச் சேர்க்கும். ஸ்லைஸ், மூலத்தைத் தொடாமல் ஒரு துண்டைப் பிரதி எடுத்துத் தரும். அப்புறம் அவளுக்கு அது மறக்கவே இல்லை.

அப்படியானால் எதைத்தான் தலையில் வைத்திருக்க வேண்டும்? 300 பிக்சல் அகலப் பெட்டிக்கு இரு பக்கமும் 20 பேடிங் (உள் இடைவெளி), 5 பார்டர் (ஓரக்கோடு) கொடுத்தால் அது ஏன் 350 ஆகிறது, பார்டர் பாக்ஸ் என்று சொன்னால் ஏன் 300-லேயே நிற்கிறது என்பது தெரியவேண்டும். ஃபிளெக்ஸில் திசையை மாற்றினால் உள்ளே இருப்பவை அடுக்கப்படும் அச்சும் மாறும் என்பது தெரியவேண்டும். சர்வர் 404, அதாவது 'கேட்டது இங்கே இல்லை' என்று சொன்னாலும், தகவலைக் கேட்டு வாங்கும் ஃபெட்ச் அதைப் பிழையாக எண்ணாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரவுசரில் பிழைகளைக் காட்டும் கன்சோலில் வரும் சிவப்பு வரியைப் பயப்படாமல் முழுதாகப் படிக்கிற பழக்கம் வேண்டும். ஜனவரியை ஜாவாஸ்கிரிப்ட் 0 என்று எண்ணுமா 1 என்று எண்ணுமா என்பதெல்லாம் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். 0 என்றுதான் எண்ணும்.

"மனப்பாடம் வேண்டாம், ஏஐ எழுதித் தரும்" என்று இப்போது சிலர் அந்தக் கோடிக்குப் போய்விடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்குக் கூடுதல் கவலை. புரியாமல் மனப்பாடம் செய்தவனும் புரியாமல் ஒட்டியவனும் 250060 முன்னால் ஒரே மாதிரிதான் திகைத்து நிற்பார்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் பாருங்கள், எடுங்கள். எடுத்ததை மூடிவைத்துவிட்டு நீங்களே ஒருமுறை எழுதுங்கள். தடுக்கி நிற்கிற வரிதான் உங்களுக்கு இன்னும் புரியாத வரி.

அந்தத் தம்பியைப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டோம். நோட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிர்ப் பக்கத்தில் 'இது இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்று தமிழில் எழுதச் சொன்னேன். தெரியாவிட்டால் அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும். போன சனிக்கிழமை வேறொரு கடையின் பில் தொகை தப்பாக வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. கன்சோலைத் திறந்து, மதிப்பு எந்த வகை என்று சொல்லும் டைப்ஆஃப் போட்டு, எழுத்தாக வந்த எண்ணை அவனே பிடித்துவிட்டான். அப்புறம் தொகையை 1,00,000 என்று நம் ஊர் முறையில் கமா போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

"இது ஞாபகம் இல்லைண்ணா, நெட்ல பார்த்து எழுதட்டுமா?" என்று கேட்டான்.

"பார்த்தே எழுது" என்றேன்.